வேதாளம் கேட்ட கேள்வியும் தறிவீடு சொன்ன விடையும்

(முதுகலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு மாணவி)

முன்னுரை

சிறுவர்க்கென்று எழுதிய நூலைப் பெரியவர் படித்தால் அது பொழுதுபோக்கு என்கிறோம். பெரியவர்க்கென்று எழுதிய நூலைச் சிறுவர் படித்தால் அறிவுப் பசி என்று பாராட்டுகிறோம். இவ்வாறு நூல்களை வயதின்படி பிரித்துப் பேசுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆயினும் சில கதைகள் இந்த வேலிக்குள் அடங்குவதில்லை. பத்து வயதில் ஒரு பொருளும், முப்பதில் ஒரு பொருளும், எழுபதில் வேறொரு பொருளும் தந்து நிற்கின்றன. அத்தகைய கதைகளுள் தலையாயது விக்கிரமன் வேதாளம் கதை.

முதுகலை வகுப்பில் ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 'அம்புலிமாமா இதழில் வேதாளக் கதைகள்' என்று நான் எழுதிக் கொடுத்தபோது தோழியர் சிலர் சிரித்தனர். சங்கப் பாடலும் காப்பியமும் இருக்கப் பேய்க்கதைக்கும் பொம்மைப் படத்துக்கும் ஆய்வேடா என்று கேட்டனர். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

வேதாளக் கதையின் உயிர் அரசன் சொல்லும் விடையில் இல்லை. அவ்விடையை ஏற்பதா மறுப்பதா என்னும் உரிமையைக் கேட்பவரிடமே விட்டுச் செல்வதில்தான் இருக்கிறது. கதையோடு வரும் படம் அந்த உரிமையை எழுத்தறியாதவர்க்கும் வழங்குகிறது. இதுவே நான் ஈண்டு நிறுவ விரும்பும் கருத்து.

கதை வந்த வழி

இக்கதைகளின் பிறப்பிடம் தேடிச் சென்றால் குணாட்டியர் என்னும் பெயரில் போய் நிற்போம். அவர் பைசாச மொழியில் இயற்றியதாகக் கூறப்படும் 'பிருகத்கதை' இன்று கிடைக்கவில்லை. அதன் வழிவந்த நூல்களே கிடைத்துள்ளன. 11ஆம் நூற்றாண்டில் காசுமீர நாட்டில் சேமேந்திரர் 'பிருகத்கதாமஞ்சரி'யை எழுதினார். அதே நூற்றாண்டில் சோமதேவர், அனந்த மன்னனின் அரசி சூரியமதியின் பொருட்டுக் 'கதாசரித்சாகரம்' இயற்றினார். இவ்விரு நூல்களிலும் வேதாளக் கதைகள் உள்ளன. புதசுவாமி எழுதிய மற்றொரு வழிநூலில் இவை இடம்பெறவில்லை. ஆதலின் தனியே வழங்கிய கதைகள் பின்னர் வந்து சேர்ந்திருக்கலாம் என்பர் அறிஞர்.

பிருகத்கதைக்கும் நம் பகுதிக்கும் ஓர் உறவு உண்டு. அந்நூலின் உதயணன் வரலாற்றைப் 'பெருங்கதை' என்று தமிழில் பாடியவர் கொங்குவேளிர். அவர் ஈரோட்டை அடுத்த விசயமங்கலத்தவர் என்பது வழிவழிச் செய்தி. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1924இல் அதனைப் பதிப்பித்தார். காசுமீரத்தில் ஒரு கிளை தழைத்த கதைமரம், அதற்கு முன்பே நம் காவிரிக்கரை நாட்டிலும் வேர் பிடித்திருந்தது என்பது நாம் பெருமைப்படத் தக்க செய்தி.

சோமதேவர் கூறும் கதையின் சட்டம் இதுதான். கோதாவரிக் கரையில் உள்ள பிரதிட்டான நகரை ஆள்பவன் திரிவிக்கிரமசேனன். துறவி ஒருவன் நாள்தோறும் அவைக்கு வந்து ஒரு கனியைக் கொடுத்துச் செல்கிறான். ஒருநாள் அரசன் அக்கனியைக் குரங்குக்குட்டி ஒன்றிடம் கொடுக்கிறான். அது கடித்தபோது கனியின் உள்ளிருந்து மணி ஒன்று விழுகிறது. முன்பு வந்த கனிகளிலும் மணிகள் இருப்பது அப்போதே தெரிய வருகிறது. காரணம் கேட்ட அரசனிடம், ஒரு வேள்விக்கு வீரன் ஒருவன் துணை வேண்டும் என்கிறான் துறவி. தேய்பிறைச் சதுர்த்தசி இரவில் சுடுகாட்டுக்கு அப்பால் உள்ள மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொண்டுவர அரசன் செல்கிறான். அப்பிணத்துள் வேதாளம் குடியிருக்கிறது.

வழிநடைக் களைப்புத் தீர வேதாளம் கதை சொல்கிறது. முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிடில் அரசனின் தலை வெடித்துவிடும். விடை சொன்னாலோ வேதாளம் மீண்டும் மரத்துக்கே போய்விடும். பேசினால் உழைப்பு வீண். பேசாவிடில் உயிர் வீண். இந்த இருதலைக்கொள்ளி நிலையே கதைத் தொடரைச் செலுத்தும் விசையாகும்.

சோமதேவரின் நூலில் அந்த மரம் சிம்சுபை. தமிழில் அது முருங்கையாயிற்று. 'வேதாளம் மறுபடியும் முருங்கைமரம் ஏறிவிட்டது' என்னும் பழமொழியை அறியாத வீடு நம்மிடையே இல்லை. முருங்கை எளிதில் முறியும் மரம். கொல்லைப்புறம்தோறும் நிற்கும் மரம். எங்கோ வடநாட்டுச் சுடுகாட்டில் இருந்த வேதாளத்தைத் தமிழர் தம் கொல்லை முருங்கையிலேயே குடியேற்றிக் கொண்டனர். அயல்கதை நம் கதையாகும் முறைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தமிழ் வேதாளக் கதையைப் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் தம் மொழியில் பெயர்க்க, அது 1831இல் இலண்டனில் வெளிவந்தது. இந்தி வடிவத்தைத் தழுவி ரிச்சர்டு பர்ட்டன் எழுதிய ஆங்கில நூல் 1870இல் படங்களோடு வெளியாயிற்று. மங்கோலிய நாட்டிலும் திபெத்திலும் இதே சட்டத்தில் அமைந்த கதைகள் வழங்குகின்றன.

பெரிய எழுத்தும் அம்புலிமாமாவும்

நம் நாட்டில் அச்சுப் புத்தகம் ஏழை வீட்டுக்குள் நுழைந்த வழிகளில் 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள் குறிப்பிடத்தக்கவை. சென்னையில் பி. இரத்தின நாயகர் அன்ட் ஸன்ஸ் போன்ற பதிப்பகத்தார் வெளியிட்ட இந்நூல்கள் சந்தையிலும் திருவிழாவிலும் விற்பனையாயின. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் நல்லதங்காள் கதையும் இவ்வாறு பரவின. விளக்கொளியில் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு ஏற்பப் பெரிய அச்சு. இடையிடையே கோட்டுப் படங்கள். ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட நூல்கள் இவை.

இந்த வழியில் அடுத்த படியாக வந்தது 'அம்புலிமாமா'. பி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 சூலையில் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினர. பின்னர் இந்திய மொழிகள் பலவற்றிலும், ஆங்கிலத்திலும், இலங்கைச் சிங்களத்திலும் அவ்விதழ் வெளிவந்தது. 2013க்குப் பின் அது வெளிவரவில்லை. ஆயினும் பழைய இதழ்களைக் கட்டித் தகரப் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகள் நம் ஊர்களில் இன்னும் உள்ளன. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. என் தந்தையார் இராசிபுரம் பேருந்து நிலையக் கடையில் மாதந்தோறும் வாங்கிச் சேர்த்தவை அவை.

அதே 1947ஆம் ஆண்டில் சேலத்திலும் ஒரு புதிர்க்கதை உயிர்பெற்றது. டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 'ஆயிரம் தலை வாங்கி அபூர்வ சிந்தாமணி' என்னும் திரைப்படத்தை வெளியிட்டது. கேள்விக்கு விடை சொல்லத் தவறியவரின் தலையை வாங்கும் இளவரசியின் கதை அது. விடை சொல்லாவிட்டால் தலை போகும் என்னும் அச்சமே இரு கதைகளுக்கும் பொது. ஏற்காடு சாலையில் அப்படக் கூடத்தின் நுழைவு வளைவை இன்றும் காணலாம். அவ்வழியே நாள்தோறும் பேருந்தில் செல்லும் மாணவர்கள், கதைக்கும் நம் ஊருக்கும் உள்ள தொடர்பை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.

ஓவியர் சங்கர்

அம்புலிமாமாவின் வேதாளக் கதை என்றதும் நம் கண்முன் நிற்பது ஒரு படம். வலக்கையில் உருவிய வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு, நடுவே நடந்து செல்லும் அரசன். இப்படத்தால் நாடறிந்தவர் ஓவியர் சங்கர். கே. சி. சிவசங்கரன் என்பது அவர் முழுப்பெயர். 1924இல் பிறந்தவர். அவர் பிறந்த காரத்தொழுவு நம் கொங்கு நாட்டுச் சிற்றூரே. இளமையிலேயே சென்னை சென்று, தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக விளங்கிய அரசுக் கலைப் பள்ளியில் பயின்றார். 'கலைமகள்' இதழில் பணியாற்றிய பின் 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் அவ்விதழுக்கே வரைந்தார். 2020இல் மறைந்த அவருக்கு 2021ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பெருங்கதை அச்சேறிய அதே 1924ஆம் ஆண்டில் இவ்வோவியர் பிறந்தது தற்செயலே. எனினும் பிருகத்கதை மரபைச் செய்யுளில் தந்த புலவரும் கோட்டில் தந்த ஓவியரும் கொங்கு மண்ணினர் என்பது நினைக்க இனிமை பயக்கிறது.

படம் செய்யும் பணி

படம் கதைக்கு வெறும் அணிகலன் என்று நான் முன்பு எண்ணியிருந்தேன். பழைய இதழ்களை அடுக்கி வைத்துப் பார்த்தபோது படம் மூன்று பணிகளைச் செய்வது புலனாயிற்று.

முதலாவது, அடையாளம் காட்டல். மாதந்தோறும் உட்கதை மாறும். அரசனும் பிணமும் சுடுகாடும் மாறா. எழுத்தறியாச் சிறுபிள்ளையும் அந்த முதற்படத்தைக் கண்டதும் 'வேதாளக் கதை வந்துவிட்டது' என்று சொல்லிவிடும். பாட்டுக்குப் பல்லவி போல இக்கதைக்கு இப்படம்.

இரண்டாவது, அச்சத்தை அளவோடு நிறுத்தல். எலும்பும் மண்டையோடும் பாம்பும் படத்தில் உண்டு. ஆனால் அவற்றின் நடுவே செல்லும் அரசன் ஓடவில்லை, நடக்கிறான். பிள்ளைகளின் கண் முதலில் பேயைப் பார்க்கிறது. பிறகு அரசனின் முகத்தைப் பார்க்கிறது. அங்கே அச்சம் இல்லாமை கண்டு தானும் தேறுகிறது. பயப்படாதே என்று எழுதியிருந்தால் இந்தப் பயன் விளைந்திராது.

மூன்றாவது, எழுத்துச் சொல்லாததைச் சொல்லல். இதனை எனக்குக் காட்டியவர் என் அப்பாயி. அவர் பள்ளி சென்றவர் அல்லர். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாரம் தூக்கிப் பழகுனவன் நடை இது, கண்ணு. தோளு ஒரு பக்கம் எறங்கியிருக்குது பாரு. இவனுக்குக் கனம் தெரியுது" என்றார். நான் இருபது ஆண்டுகளாகப் பார்த்த படம் அது. அரசன் சுமப்பது கனமான பொருள் என்பதை அன்றுதான் கண்டேன். வேதாளத்தின் புதிரை அவன் வீட்டில் அமர்ந்து அவிழ்க்கவில்லை, சுமந்துகொண்டே அவிழ்க்கிறான். சுமை தூக்கியறிந்த கண்ணுக்கே அது முதலில் புலப்பட்டது.

தலையா, உடலா?

இனி வேதாளம் சொல்லும் கதைகளுள் ஒன்றை எடுத்து ஆராய்வோம். சோமதேவரின் நூலில் உள்ள மதனசுந்தரியின் கதை அது.

தவளன் என்னும் சலவைத் தொழிலாளி மதனசுந்தரியைக் கண்டு காதலித்து மணக்கிறான். சிலநாள் கழித்து அவள் அண்ணன் விருந்துக்கு அழைக்க வருகிறான். மூவரும் செல்லும் வழியில் கௌரி கோயில் ஒன்று குறுக்கிடுகிறது. வழிபடத் தனியே உள்ளே சென்ற தவளன், பக்தி மேலிட்டுத் தன் தலையை அரிந்து தேவிக்குக் காணிக்கையாக்குகிறான். தேடிச் சென்ற மைத்துனனும் அக்காட்சி கண்டு அவ்வாறே செய்கிறான். இருவரையும் இழந்த மதனசுந்தரி கொடியில் சுருக்கிட்டு உயிர்விட முனைகிறாள். தேவி அவளைத் தடுத்து, தலைகளை உடல்களோடு பொருத்தினால் இருவரும் எழுவர் என்று வரம் தருகிறாள். பதற்றத்தில் அவள் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இருவரும் எழுந்து நிற்கின்றனர்.

கணவனின் தலை ஓர் உடலில். கணவனின் உடல் வேறொரு தலையின் கீழ். இவர்களுள் அவளுக்குக் கணவன் யார் என்று வேதாளம் கேட்கிறது. கணவனின் தலை உடையவனே கணவன். உறுப்புகளில் தலையே முதன்மையானது. ஒருவனை அறிவதும் தலையைக் கொண்டே என்று அரசன் விடை தருகிறான். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்னும் நம் பழமொழியும் இதையே சொல்கிறது. விடையைக் கேட்ட வேதாளம் மரத்துக்குத் திரும்புகிறது.

சிறுவயதில் இவ்விடை எனக்கு முழு நிறைவு தந்தது. இன்று தரவில்லை. அதன் காரணம் எங்கள் வீட்டு நிலைமையில் இருக்கிறது.

நாங்கள் தறிக்காரர். தந்தையார் நோய்வாய்ப்பட்டபோது அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று தறிக்குழியில் இறங்கினார். நான் தொடர்ந்து படித்தேன். என் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் அவர் நெய்த சேலைகளிலிருந்து வந்தவை. ஒரு வீட்டில் ஒருவர் தலையாகவும் ஒருவர் கையாகவும் ஆகிவிட்டோம். இந்நிலையில் 'தலையே முதன்மை' என்று ஒரு கதை தீர்ப்புச் சொல்லும்போது, அத்தீர்ப்பை நான் எப்படிக் கேட்பது? நம் சேலம், நாமக்கல் சமவெளியில் தறியும் லாரியும் சவ்வரிசி ஆலையும் கோழிப்பண்ணையும் சோறு போடும் வீடுகளிலிருந்து இக்கல்லூரிக்கு வரும் மாணவர் பலருக்கும் இக்கேள்வி புதிதாக இராது.

தறிவீடு சொன்ன விடைகள்

ஆகவே ஒருநாள் மாலை இக்கதையை எங்கள் வீட்டில் படித்தேன். அரசனின் விடைக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். கேட்டவர்கள் அண்ணன், அப்பாயி, பக்கத்து வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஆகிய மூவர்.

அண்ணன் நாடாவை நிறுத்தாமலே விடை சொன்னார். "தலை என்னத்தப் பண்ணும்? நான் வேற எதையோ நெனச்சுக்கிட்டு இருக்கறப்பக்கூட என் கையி நாடாவ வீசுது, காலு மிதிக்குது. துணி வெளுத்தது அந்தக் கையி. அவளுக்கு சோறு போட்டது அந்தக் கையி. அந்தக் கையி எவன்கிட்ட இருக்குதோ அவன்தான் புருசன்."

"முகம் வேறயா இருக்குதே, அண்ணா?" என்று கேட்டேன்.

"மொகம் கொஞ்ச நாள்ல பழகிப்போகும்" என்றார்.

சிறுவன் குறுக்கிட்டான். "எதுக்கு சண்டை? அதே சாமிகிட்டப் போயி, மாத்தி வெச்சிட்டேன், திரும்ப ஒரு தடவ வரம் குடுன்னு கேட்டா முடிஞ்சுது!" அவன் சொன்னதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஆயினும் அவன் கண்டது சிறிய உண்மையன்று. திருத்த முடியாதது என்று கதை விதித்த எல்லையை அவன் ஏற்கவில்லை. பிழையைத் திருத்த வழி இருக்க, தீர்ப்புக்கு ஏன் விரைய வேண்டும் என்பதே அவன் வாதம்.

அப்பாயி தார் சுற்றிக்கொண்டே கேட்டிருந்தார். கடைசியில், "ஏங் கண்ணு, ராசாவக் கேட்டாங்க, சரி. அந்தப் புள்ளய யாராச்சும் கேட்டாங்களா? கூட இருந்து குடும்பம் நடத்தப் போறவ அவதான?" என்றார்.

எனக்கு உடனே மறுமொழி கிடைக்கவில்லை. கதையை மீண்டும் புரட்டினேன். வேதாளம் கேட்கிறது, அரசன் சொல்கிறான். தலைகளைத் தன் கையால் பொருத்திய மதனசுந்தரியை ஒருவரும் கேட்கவில்லை. எழுத்தறியாத மூதாட்டி ஒருவர், நான் பலமுறை படித்தும் காணாத இடத்தைக் கேட்ட அளவிலேயே கண்டுவிட்டார்.

மூன்று வயதினர், மூன்று விடைகள். உழைப்பவர் உழைப்பின் பக்கம் நின்றார். சிறுவன் திருத்தத்தின் பக்கம் நின்றான். வாழ்ந்து கண்டவர், தீர்ப்பளிக்கும் உரிமை யாருடையது என்று கேட்டார். எல்லா வயதினர்க்கும் உரிய கதை என்று நான் முதலிற் கூறியதன் பொருள் இதுவே.

பிறநாட்டார் கண்ட விடைகள்

அரசனின் விடையோடு நில்லாதவர் எங்கள் வீட்டார் மட்டும் அல்லர். செருமானிய எழுத்தாளர் தாமசு மான் 1940இல் இக்கதையைத் தழுவி 'மாறிய தலைகள்' என்னும் பொருளுடைய குறுநாவலை எழுதினார். அதில் ஒருவன் கல்வியாளன். மற்றவன் உழைப்பால் உரம்பெற்ற உடலினன். தலை மாறியபின் ஒவ்வோர் உடலும் சிறிது சிறிதாகத் தன் புதிய தலைக்கு ஏற்ப மாறிவிடுகிறது. கல்வியாளன் தலை ஏற்ற வலிய உடல் மெலிகிறது.

கன்னட நாடக ஆசிரியர் கிரீசு கர்னாடு 1971இல் 'ஹயவதன' என்னும் நாடகத்தில் இதனை மேலும் எடுத்துச் சென்றார். அங்கும் தலையே இறுதியில் உடலை வெல்கிறது. ஆனால் அவ்வெற்றி எவர்க்கும் இன்பம் தரவில்லை. நிறைவான மனிதனைத் தேடும் பெண்ணின் ஏக்கமே நாடகத்தில் ஓங்கி நிற்கிறது. மதனசுந்தரியின் பக்கம் பார்வையைத் திருப்பிய வகையில் கர்னாடும் என் அப்பாயியும் ஒரே திசையில் நின்றனர் எனலாம்.

நம் பகுதிக்கும் இவ்வாராய்ச்சியில் ஓர் இடம் உண்டு. திருச்செங்கோட்டு மலைமேல் நாம் வணங்கும் அர்த்தநாரீசுவரர் திருமேனியில் இரு பாதிகள் ஓருடலாய் நிற்கின்றன. இரண்டில் எது முதன்மை என்று அங்கு யாரும் கேட்பதில்லை. வேதாளத்தின் கேள்விக்கு அம்மலை தரும் விடையாக அதனைக் கொள்ளலாம்.

அரசனின் மௌனம்

கதைத் தொடரின் முடிவு இன்னும் சிந்திக்கத் தக்கது. தந்தை ஒருவன் மகளையும், அவன் மகன் அவள் தாயையும் மணந்துகொள்கின்றனர். இவ்விரு இணையருக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் என்ன முறை? இதுவே இருபத்து நான்காம் கதையின் கேள்வி. அரசனுக்கு விடை தெரியவில்லை. தெரியாததால் அவன் பேசவில்லை, தலையும் வெடிக்கவில்லை, நடையையும் நிறுத்தவில்லை. மகிழ்ந்த வேதாளம் துறவியின் வஞ்சகத்தை அவனுக்கு உணர்த்துகிறது. 'விழுந்து வணங்கு' என்று துறவி சொல்லும்போது, 'எப்படி என்று செய்துகாட்டு' எனக் கேட்குமாறு அறிவுறுத்துகிறது. அரசன் அவ்வாறே செய்து, குனிந்த துறவியின் தலையைத் துணித்துப் பிழைக்கிறான்.

அத்தனை விடைகளும் அவனைத் தொடங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பின. தெரியாது என்ற நிலையில் அவன் காத்த மௌனமே அவன் உயிரைக் காத்தது. வினாவுக்கு விடை எழுதி மதிப்பெண் பெறும் மாணவராகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். தெரிந்ததைத் தண்டனைக்கு அஞ்சாது சொல்வதும், தெரியாதபோது அமைதியாகச் சுமையோடு நடப்பதும் கல்வியின் இரு பாதிகள் என்பதை இக்கதை கற்பிக்கிறது.

அம்புலிமாமாவில் இத்தொடர் பழைய இருபத்தைந்து கதைகளோடு முடியவில்லை. அதே சட்டத்துக்குள் புதிய கதைகள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. உலகில் கேள்வி உள்ளவரை வேதாளத்துக்குக் கதை பஞ்சமாகாது என்பதை இதழாசிரியர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், வேதாளக் கதை சிறுவர்க்கு வியப்பையும், இளைஞர்க்கு வாதத்தையும், முதியோர்க்கு வாழ்க்கையை அளக்கும் கோலையும் தருவது புலனாகும். காசுமீரப் புலவர் எழுத்தில் தந்ததைக் கொங்கு நாட்டு ஓவியர் கண்ணுக்குத் தந்தார். அப்படத்தின் வழியே எழுத்தறியாதவரும் அரசனின் அவையில் இடம் பெற்றனர். ஆய்வேட்டுக்கு இப்பொருள் தகுமா என்று சிரித்த தோழியர்க்கு இதுவே என் விடை.

அரசனின் விடை தவறு என்று நான் சொல்லவில்லை. அது ஓர் அரசனின் விடை என்று மட்டும் சொல்கிறேன். தறிக்காரரின் விடை ஒன்று உண்டு. பெண்ணின் விடை ஒன்று உண்டு. அவை நூலில் ஏறவில்லை. ஏற்ற வேண்டியவர் நாமே.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது, கிடைக்கும் பழைய இதழிலிருந்து ஒரு வேதாளக் கதையை உங்கள் வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள். முதலில் படத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். அரசன் வாய் திறப்பதற்கு முன் கதையை நிறுத்துங்கள். அவரவர் சொல்லும் விடையை அவரவர் பேச்சிலேயே, ஊரும் நாளும் வயதும் குறித்து எழுதி வாருங்கள். எடப்பாடியிலும் ஆத்தூரிலும் பரமத்தியிலும் கொல்லிமலை அடிவாரத்திலும் கிடைக்கும் விடைகளைச் சேர்த்தால், நம் தமிழ்த்துறை நூலகத்தில் வைக்கத் தக்க ஓர் ஏடு உருவாகும்.

அவ்வேட்டின் முதற்பக்கத்தில் மேலே கண்ட மூன்று விடைகளையும் எழுதி வைத்திருக்கிறேன். என் விடைக்கு உரிய இடத்தை இன்னும் நிரப்பவில்லை.